மான் வேட்டைக்கு முதல் தோட்டா: .270-ஆ, .30-06-ஆ?

ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் சாயங்காலம் ஆனால் கேரம் போர்டு போட்டுவிடுவார்கள். லீவுக்கு வந்திருந்த அக்கா பையன், போரிக் பவுடர் ஒட்டிய கையோடு என் பக்கம் திரும்பி, "மாமா, அங்க நவம்பர் கடைசி ஆனா கூட வேலை செய்யறவங்க எல்லாம் மான் வேட்டைக்குப் போறாங்க. என்னையும் கூப்பிடறாங்க. டூ-செவன்டி வாங்கவா, தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் வாங்கவா?" என்று கேட்டான். எந்தத் தோட்டாவுக்கான ரைஃபிள் வாங்குவது என்பதுதான் கேள்வி. அவன் இருப்பது அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில். நானும் அதே மாநிலத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன். அதில் ஒன்பது சீசன் காட்டுக்குப் போயிருக்கிறேன். அவனுக்குச் சொன்னதை அவனைப் போல அங்கே இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும்படி எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று. இது முழுக்க அமெரிக்காவில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கானது. நம் ஊரில் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம். கிண்டியில் வேலிக்கு உள்ளே மேய்கிற புள்ளிமானை நாம் பார்த்து ரசிக்கலாம், அவ்வளவுதான். அங்கே வெள்ளைவால் மானின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க அரசே சீசன் வைத்து, உரிமம் கொடுத்து, ஒருவர் எத்தனை மான் எடுக்கலாம் என்று கணக்கும் வைக்கிறது.

படி 1: கடைக்கு முன்னால் சட்டம்

நம் பிள்ளைகள் பலர் சறுக்குவது இங்கேதான். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் தடுக்கிறது. அதற்குச் சில விலக்குகள் உண்டு. அதில் முக்கியமானது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அதனால் முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, அப்புறம் உரிமம், அதற்கப்புறம்தான் துப்பாக்கி. நண்பனுடைய ரைஃபிளை வாங்கிச் சுட்டுப் பார்ப்பதற்கும் இதே வரிசைதான். ஒரு சந்தேகம் இருந்தாலும் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்; விசாவோடு விளையாட வேண்டாம்.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதையும் மறக்காதீர்கள். பக்கத்திலேயே இருக்கும் ஓஹையோவில் மான் வேட்டைக்கு இந்த இரண்டு தோட்டாவுமே ஆகாது. அங்கே ரைஃபிள் என்றால் கழுத்து குறுகாத, நேரான பித்தளைக் கூடுள்ள தோட்டாவுக்கு மட்டும்தான் அனுமதி; இவை இரண்டும் கழுத்து குறுகியவை.

படி 2: இரண்டும் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தோட்டா என்று நான் சொல்வது பித்தளைக் கூடு, மருந்து, முனையில் இருக்கும் குண்டு எல்லாம் சேர்ந்த முழுப் பொருளை. குண்டு என்றால் பறந்து போகிற பகுதி மட்டும்.

.30-06 மூத்தது. 30 என்பது குழல் துளையின் அளவு, ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு. 06 என்பது 1906. அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்ட வருடம். இரண்டு உலகப் போரிலும் அவர்கள் படை சுட்டது இதைத்தான். .270 பிறந்தது 1925-ல், வின்செஸ்டர் கம்பெனியின் மாடல் 54 ரைஃபிளோடு. ரத்த உறவு உண்டு: கூடு கிட்டத்தட்ட அதே கூடு, கழுத்தை மட்டும் நெருக்கி மெல்லிய குண்டைப் பொருத்தினார்கள். ஜாக் ஓ'கானர் என்ற வேட்டை எழுத்தாளர் பத்திரிகையில் பல வருடம் இதைப் பாராட்டி எழுதி நாடு முழுக்கப் பரப்பினார்.

எடை வித்தியாசம் கையில் புரிய வேண்டுமென்றால் கேரம் போர்டுக்கு வாருங்கள். ஒரு கேரம் காய் ஐந்து, ஐந்தரை கிராம் இருக்கும். .270-ல் மானுக்கு வழக்கமாகப் போடும் 130 கிரெய்ன் குண்டு 8.4 கிராம், ஒன்றரைக் காய். .30-06-ல் 180 கிரெய்ன் குண்டு 11.7 கிராம், இரண்டு காயை விடக் கொஞ்சம் அதிகம். லேசானது நொடிக்குச் சுமார் 930 மீட்டர் வேகத்தில் கிளம்பும், கனமானது சுமார் 820 மீட்டரில். லேசான ஸ்ட்ரைக்கர் சீறிக்கொண்டு போகும், கனமான ஸ்ட்ரைக்கர் நிதானமாகப் போய்க் கூட்டத்தைத் தள்ளும். போர்டில் உட்கார்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

படி 3: எந்த விலங்கு, எவ்வளவு தூரம்?

நெத்திலி பிடிக்கப் போகிறவர் வஞ்சிர வலையை எடுத்துப் போவதைக் காசிமேட்டில் பார்க்க முடியாது. மான் மட்டும்தான் உங்கள் திட்டம் என்றால் இரண்டுமே தேவைக்கு அதிகம். இன்னும் நாலு வருடத்தில் மேற்கே போய் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாட வேண்டும், அலாஸ்காவில் அதைவிடப் பெரிய மூஸ் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் .30-06-க்குக் கை நீளும், ஏனென்றால் அதில் 220 கிரெய்ன் வரை குண்டு கிடைக்கும். .270-க்குக் கடையில் பொதுவாக 130-லிருந்து 150 வரைதான். அதனாலும் எல்க் எடுத்தவர்கள் ஏராளம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தூரத்தைப் பற்றி ரொம்பப் பேசுவார்கள். ஸ்கோப்பை (குறிபார்க்கும் கண்ணாடியை) 200 கஜத்துக்குச் சரியாக வைத்துவிட்டு 300 கஜத்தில் சுட்டால் .270-ன் 130 கிரெய்ன் குண்டு ஆறு, ஏழு அங்குலம் இறங்கும்; .30-06-ன் 180 கிரெய்ன் எட்டு அங்குலத்தைத் தாண்டும். இடையில் இருப்பது மூன்று விரல் அகலம்கூட இல்லை. பென்சில்வேனியாக் காட்டில் நான் சுட்ட மான்களில் ஒன்றுகூட 130 கஜத்துக்கு அப்பால் நின்றதில்லை.

படி 4: தோள் என்ன சொல்கிறது?

என்னைக் கேட்டால் முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்.

மூன்றரை கிலோ சொச்சம் எடையுள்ள ரைஃபிளில் .30-06 கொடுக்கும் உதை, .270-ஐ விடக் கொஞ்சம் அதிகம். எழுத்தில் சின்னதாகத் தெரியும். ரைஃபிள் லேசாக ஆக ஆக அது பெரிதாகும். என் முதல் சீசனில் இரவல் வாங்கிப் போனது மிக லேசான ஒரு .30-06, உள்ளே 180 கிரெய்ன். பயிற்சி நாளில் இருபது தோட்டா சுட்டேன். ராத்திரி சட்டையைக் கழற்றினால் தோள் நாவல்பழ நிறத்தில் கன்றியிருந்தது. தோள் ஆறிவிட்டது, உடம்பு மட்டும் அந்த அடியை மறக்கவில்லை. சீசன் தொடங்கிய நாள், எழுபது கஜத்தில் ஒரு மான் அசையாமல் நின்றது. விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடிக்கொண்டு தோளைப் பின்னுக்கு இழுத்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். குண்டு விலாவில் படாமல் வயிற்றில் பட்டது. ரத்தத் துளியைத் தேடித் தேடி இருட்டும் வரை நடந்தோம். மறுநாள் காலையில்தான் ஓடைக்கரையில் கிடைத்தது. கறி கெட்டுப் போயிருந்தது. அது ராத்திரி முழுக்கப் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

அதனால் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். நண்பர்களிடம் சொல்லி இரண்டு ரைஃபிளையும் ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சி இடத்துக்கு, கொண்டு வரச் சொல்லுங்கள். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு போட்டுக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஐந்து, ஆறு தோட்டா, அதற்கு மேல் வேண்டாம். தோட்டாவை நீங்கள் போடாதீர்கள், நண்பர் போடட்டும். நடுவில் உங்களுக்குச் சொல்லாமல் மருந்தில்லாத டம்மி தோட்டா ஒன்றைச் சேர்த்துவிடச் சொல்லுங்கள். விசையை இழுத்ததும் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். அப்போது குழல் முனை அப்படியே நின்றால் அந்த ரைஃபிள் உங்களுக்கு ஒத்துவருகிறது. முனை கீழே குத்தினால் நீங்கள் உதைக்குப் பயப்படுகிறீர்கள் என்று அர்த்தம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லோருக்கும் வரும்.

இரண்டிலும் முனை அசையவில்லை என்றால் எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். .30-06-ல் மட்டும் அசைகிறது என்றால் கேள்வியே இல்லை, .270. இதுவரை துப்பாக்கியே பிடிக்காதவர், மான் மட்டும்தான் இலக்கு என்பவர், இவர்களுக்கு நான் சொல்வதும் .270-தான்.

படி 5: குண்டின் எடை

.270 என்றால் 130 கிரெய்னில் தொடங்குங்கள். .30-06 வாங்கியவர்கள் என்னைப் போல 180-க்குப் போகாமல் 150 கிரெய்ன் போடலாம். மானுக்கு அது போதும், உதையும் குறையும்.

சமையல் பக்கமும் கொஞ்சம் யோசியுங்கள். வேகமான குண்டு கிட்டத்தில் தோள் எலும்பில் பட்டால் சுற்றிலும் ஒரு சாண் அளவுக்குக் கறியில் ரத்தம் கட்டிவிடும். அதை அறுத்து எறியத்தான் வேண்டும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ்ப்பகுதியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், விலா எலும்புக்குள் செலுத்துங்கள்; நுரையீரலும் இதயமும் இருக்கும் இடம் அது. இட்லித்தட்டுக் குழி இரண்டு சேர்ந்த அகலம் இருக்கும். மான் சீக்கிரம் விழும், கறியும் வீணாகாது. மிளகு தூக்கலாகப் போட்டு வறுக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

படி 6: ரைஃபிளும் எழுத்தும்

இரண்டு தோட்டாவுமே ஒரே நீள, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷனில் வரும். முதல் ரைஃபிளுக்கு அதையே எடுங்கள். பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கு அடுத்த தோட்டா தானே ஏறும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் அனுமதியும் இல்லை. பின்கட்டையில் ரப்பர் பட்டை நல்லதாக இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

தோட்டாவின் அடிப்பக்கத்தைத் திருப்பினால் நடுவில் வட்டமாக ஒரு சின்ன மூடி, சுற்றிலும் வளைந்து ஓடும் எழுத்து. கம்பெனி பெயரும் தோட்டாவின் பெயரும் அங்கே பொறித்திருக்கும். குழலின் பக்கவாட்டிலும் அதே பெயர் இருக்கும். இரண்டும் ஒரே தோட்டாவைக் குறித்தால்தான் உள்ளே போட வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால், ஒரே மேசையில் இரண்டு பெட்டியையும் திறந்து வைக்கவே கூடாது. தவறான தோட்டா ரைஃபிளையே வெடிக்க வைக்கலாம்.

படி 7: ஸ்கோப்பைச் சரிசெய்வது

முதலில் 25 கஜத்தில் சுட்டுக் காகிதத்தில் பட வையுங்கள். அப்புறம் 100 கஜம். அங்கே குண்டு மையத்துக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு அங்குலம் மேலே பட்டால், 200 கஜத்தில் கிட்டத்தட்ட நேராக வந்துவிடும். மூன்று மூன்றாகச் சுடுங்கள், இடையில் குழல் ஆறட்டும். வேட்டைக்கு எந்தப் பெட்டித் தோட்டாவோ அதே பெட்டியில்தான் இதைச் செய்ய வேண்டும். பிராண்டு மாறினால் படும் இடமும் மாறும். காட்டுக்குப் போகும்போது ஆரஞ்சு உடை கட்டாயம். பென்சில்வேனியாவில் தலை, மார்பு, முதுகு சேர்த்துக் குறைந்தது 250 சதுர அங்குலம்.

அக்கா பையன் திரும்பிப் போய் வகுப்பை முடித்து உரிமமும் வாங்கிவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டோ அனுப்பினான். நண்பருடைய .270, 100 கஜம், மூன்று துளை. மேலே ஒரு கேரம் காயை வைத்தால் மூன்றும் மறைந்துவிடும். "வாங்கிடவா மாமா?" என்று கேட்டிருந்தான். அடுத்த வாரம் அதே நண்பரின் .30-06-ஐயும் டம்மி தோட்டா சேர்த்துச் சுட்டுப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன்.