கண்ணாடிக்குள் லித்தியம் எவ்வளவு வேகமாகத் தாவுகிறது? என்எம்ஆரில் அளக்கும் முறை

கண்ணாடியின் அணு அடுக்கில் ஒழுங்கு கிடையாது. ஆனாலும் அதற்குள் லித்தியம் அயனிகள் இடம்விட்டு இடம் தாவிக்கொண்டே இருக்கும். மின்கடத்துத்திறனை அளந்தால் நெடுந்தூர ஓட்டம் மட்டுமே தெரியும். அருகருகே நடக்கும் தாவல்களையும் பார்க்க அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு, அதாவது என்எம்ஆர், அருமையான கருவி. காந்தப்புலத்தில் வைத்த அணுக்கருக்கள் ரேடியோ அலைத் துடிப்புகளுக்குத் தரும் சிக்னலை அளப்பதுதான் இது. திடநிலை பேட்டரிகளுக்காக ஆராயப்படும் லித்தியம் சல்பைடு – பாஸ்பரஸ் சல்பைடு கண்ணாடியை எடுத்துக்கொள்வோம்.

1. மாதிரி. ஈரக்காற்று பட்டாலே இது ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவை விடும். ஆர்கான் நிரப்பிய குளோவ் பாக்ஸுக்குள் (கையுறை பொருத்திய மூடிய பெட்டி) பொடித்து, குவார்ட்ஸ் குழாயில் இட்டு, வெற்றிடத்தில் குழாயின் வாயை உருக்கி மூடுங்கள். இதில் அவசரம் வேண்டாம்.

2. கருவி. லித்தியம்-7 என்ற ஐசோடோப்பு இயற்கை லித்தியத்தில் 92 சதவீதம் இருப்பதால் சிக்னல் வலுவாக வரும். 9.4 டெஸ்லா காந்தத்தில் அதன் அதிர்வெண் சுமார் 155 மெகாஹெர்ட்ஸ். லித்தியம் குளோரைடு நீர்க்கரைசலை வைத்து 90 பாகைத் துடிப்பை, அதாவது அணுக்கருக்களின் மொத்தக் காந்தமாக்கத்தை 90 பாகை திருப்பும் ரேடியோ துடிப்பை, சரிசெய்யுங்கள். வெப்பநிலையை ஈய நைட்ரேட்டால் சரிபாருங்கள். அதன் ஈயம்-207 சிக்னல் கெல்வினுக்கு ஏறத்தாழ 0.75 பிபிஎம் (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகு) நகரும்.

3. கோட்டின் அகலம். குளிரில் சிக்னலின் கோடு, அதாவது அதிர்வெண் வரைபடத்தில் அதன் முகடு, பல கிலோஹெர்ட்ஸ் அகன்றிருக்கும். சூடேற்ற, அயனிகள் நொடிக்குப் பத்தாயிரக்கணக்கில் தாவத் தொடங்கியதும் அது சுருங்கும்.

4. டி-1 தளர்வு நேரம். உயிர்நாடி இதுதான்: குலைந்த காந்தமாக்கம் சமநிலைக்கு மீள எடுக்கும் நேரம். தொடர்ச்சியான 90 பாகைத் துடிப்புகளால் காந்தமாக்கத்தை அழித்து, சிறிது நேரம் விட்டு, எவ்வளவு மீண்டிருக்கிறது என்று பாருங்கள். இடைவெளியை மாற்றி மாற்றி அளந்தால் மீட்சி வளைவு கிடைக்கும், அதிலிருந்து டி-1. இதையே ஒவ்வொரு வெப்பநிலையிலும் செய்யுங்கள். சூடேற்றும்போது டி-1 முதலில் குறைந்து, ஓரிடத்தில் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு ஏறும். தாவல் வேகம் கருவியின் கோண அதிர்வெண்ணுக்கு ஏறத்தாழச் சமமாகும் இடம் அந்த அடிமட்டம். நம் காந்தத்தில் அது நொடிக்குச் சுமார் 100 கோடித் தாவல்கள்.

5. வரைபடம். டி-1இன் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழ் மதிப்புக்கு எதிரே வரையுங்கள். ப்ளூம்பெர்கன், பர்செல், பவுண்ட் 1948இல் தந்த கோட்பாட்டின்படி இரு சரிவுகளும் சமம். கண்ணாடியில் குளிர்ப் பக்கச் சரிவு சாய்வு குறைந்தே இருக்கும்: அங்கே தெரிவது முன்னும் பின்னுமான குறுகிய தாவல்கள். சரிவிலிருந்து கிடைப்பது கிளர்வு ஆற்றல், அதாவது தாவ அயனி தாண்ட வேண்டிய ஆற்றல் தடை. ஆகவே கடத்துத்திறனின் கிளர்வு ஆற்றலோடு ஒப்பிட வெப்பப் பக்கச் சரிவையே எடுங்கள்.

முடிந்தால் 4.7 டெஸ்லாவிலும் அளந்து பாருங்கள். காந்தப்புலம் பாதியானால் குளிர்ப் பக்க டி-1 கால்பங்காக வேண்டும் என்கிறது 1948 கோட்பாடு; கண்ணாடியில் அந்த அளவுக்குக் குறையாது.