முதல் ஃப்ளிப்: இடது கை கவனம்

ரிமோட் ஹெலிகாப்டரைக் குட்டிக்கரணம் போட வைக்க ஆசையா? முதலில், உங்களுடையது கலெக்டிவ் பிட்ச் (பறக்கும்போதே விசிறி இறக்கைகளின் சாய்வான பிட்சை மாற்றும்) வகைதானா என்று பாருங்கள். அந்தச் சாய்வு மாறாத ஃபிக்ஸட் பிட்ச் பொம்மை தலைகீழாக நிற்காது. மூக்கு நம்மைப் பார்க்கும்படி நிறுத்தி ஹோவர் செய்யவும் (ஒரே இடத்தில் மிதக்க விடவும்) கை பழகியிருக்க வேண்டும்.

ரிமோட்டில் ஐடில் அப் சுவிட்சைப் போட்டால்தான் இடது கையில் இருக்கும் கலெக்டிவ் ஸ்டிக்கைக் கீழே இறக்கினாலும் விசிறி வேகம் குறையாது. நாலு மாடி உயரத்துக்கு ஏற்றி, மேல்நோக்கிப் போகும்போதே மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் ஸ்டிக்கைப் பின்னால் இழுங்கள். விசிறி செங்குத்தாக நிற்கும் நொடியில் கலெக்டிவ் நடுவில் இருக்கட்டும். தலைகீழானதும் நடுவுக்குக் கொஞ்சம் கீழே, மறுபடி செங்குத்தில் நடு, நேரானதும் மேலே. பலரும் கோட்டை விடுவது தலைகீழ் கட்டத்தில்தான். பதற்றத்தில் கலெக்டிவ் ஸ்டிக்கை மேலே தள்ளுவார்கள், வண்டி நேராகத் தரைக்கு வரும். இந்தப் பழக்கத்தை சிமுலேட்டரிலேயே தொலைத்துவிடுவது மலிவு! வண்டி தப்பாது என்று தெரிந்தால் உடனே மோட்டாரை நிறுத்தும் த்ராட்டில் ஹோல்ட் சுவிட்சைத் தட்டுங்கள், கியராவது மிஞ்சும்.

சேலத்துக்காரர்கள் ஏற்காட்டில் ஆரம்பிக்க வேண்டாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. அதே பிட்சுக்குத் தூக்கும் விசையும் குறையும். கீழே ஆளில்லாத மைதானத்தில், காற்று எழும்பாத காலை வேளையில் பழகுங்கள். ஓமலூர் பக்கம் காமலாபுரம் விமான நிலையம் இருக்கிறது. அதனால் நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் பறக்க அனுமதி உண்டா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் பார்க்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள்.