பின்பாக்கெட்டுக்குப் போகாத கை

பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுக்க முடியவில்லை. அப்படித்தான் தொடங்கியது. இரவில் இடப்பக்கம் புரண்டால் தோள் வலியில் உயிர் போகும். சுளுக்கு என்று நினைத்து இரண்டு மாதம் தைலம் தேய்த்தேன். தலையணை உறை நாறியதுதான் மிச்சம்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பார்த்தார், அதில் ஒன்றுமில்லை. பிறகு என் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பினார். நானாகத் திருப்பினாலும் சரி, அவர் திருப்பினாலும் சரி, ஒரே இடத்தில் முட்டி நின்றது. தசைநார் கிழிந்திருந்தால் அவர் திருப்பும்போது கை பெரும்பாலும் தடையில்லாமல் திரும்பிவிடுமாம். மூட்டைச் சுற்றியுள்ள உறையே தடித்துச் சுருங்கியிருந்தது: ஃப்ரோஸன் ஷோல்டர். உடனே சர்க்கரை பார்க்கச் சொன்னார். தோளுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் ரத்தம் கொடுத்தேன். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.4, நீரிழிவேதான்! நீரிழிவுக்காரர்களுக்கு இந்தத் தோள் இறுக்கம் மற்றவர்களைவிட அதிகம் வருமாம்.

மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி. வலி தணிந்தது, சில நாள் சர்க்கரை ஏறி இறங்கியது. அப்புறம் தினமும் வெந்நீர் ஒத்தடம், குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டம், சுவரில் விரல்களால் மேலே ஏறுவது. எட்டாவது மாதம் கொடியில் துணி உலர்த்தினேன். முதுகுக்குப் பின்னால் கை இன்னும் முழுதாகப் போகவில்லை. பர்ஸை சட்டைப் பைக்கு மாற்றிவிட்டேன்.