வேலையிழந்த பெரியவர்கள் தொழிற்பயிற்சியில் சேர்வது எப்படி: நெல்லைச் சீமையினருக்கு ஒரு செய்முறை விளக்கம்

முப்பது வயதைக் கடந்தபின் வேலையை இழந்தவர்களிடம் தொழிற்பயிற்சி பற்றிப் பேசினால், அது பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு உரியது என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. தமிழ்நாட்டின் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களான ஐ.டி.ஐ.களில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. 2024-இல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை நின்று மலையிறங்கி வந்தவர்கள், மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றி வந்து அந்த வருமானம் போதாமல் தவிப்பவர்கள், வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பி வந்து அடுத்து என்ன என்று தெரியாமல் இருப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதற்படி: பயிற்சியைத் தேடுமுன் வேலையைத் தேடுங்கள்

எந்தப் பயிற்சியில் இடம் இருக்கிறது என்று கேட்டுச் சேருவதுதான் வழக்கமாக நடக்கிறது. இதைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி. நீங்கள் நாள்தோறும் போய்வரக்கூடிய தொலைவில் யார் ஆள் எடுக்கிறார்கள், எந்த வேலைக்கு எடுக்கிறார்கள், அந்த வேலைக்கு எந்தச் சான்றிதழைக் கேட்கிறார்கள் என்ற மூன்றையும் அறிந்துகொண்ட பிறகே பயிற்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் டயர்த் தொழிற்சாலையும், 4.3 ஜிகாவாட் திறன் கொண்ட டாடா பவர் சூரியத் தகடுத் தொழிற்சாலையும் இயங்குகின்றன. பின்னதில் பெண்கள் பெருமளவில் பணிபுரிகிறார்கள். இராதாபுரம், பணகுடி வட்டாரத்துக் காற்றாலைகளுக்குப் பராமரிப்பு எலக்ட்ரீஷியன்கள் எப்போதும் தேவைப்படுகிறார்கள். கூடங்குளத்தில் அடுத்தடுத்த அணு உலைகளின் கட்டுமானம் நடப்பதால் வெல்டர், பிட்டர், கம்பி கட்டுபவர் ஆகியோரை ஒப்பந்ததாரர்கள் எடுக்கிறார்கள். பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் மருத்துவமனைகளும் வாகனப் பணிமனைகளும் மிகுதி.

இவற்றைப் பற்றிய உண்மையான தகவல் விளம்பரத் தாளில் கிடைக்காது. ஷிப்ட் முடியும் நேரத்தில் ஆலை வாசலுக்கு எதிரேயுள்ள டீக்கடையில் நின்று, வேலை முடித்து வரும் ஒருவரிடம் "அண்ணாச்சி, உள்ள ஆள் எடுக்காங்களா? கைக்கு மாசம் என்ன கெடைக்கி?" என்று கேட்டால், கம்பெனி ஆளா, ஒப்பந்த ஆளா, பி.எப். பிடிக்கிறார்களா என்பது வரை அவரே சொல்லிவிடுவார். ஒருவர் சொன்னதை மட்டும் நம்பாமல் நாலைந்து பேரிடம் கேளுங்கள்.

இரண்டாம் படி: எந்தக் கதவைத் தட்டுவது?

வீட்டில் பிள்ளைகளும் கடனும் இருக்கும் ஒருவரால் இரண்டு ஆண்டுகள் சம்பளமின்றிப் படிக்க இயலுமா என்ற கணக்கை முதலில் போட வேண்டும். மாதச் செலவு எவ்வளவு, அதில் துணைவரின் வருமானம் எவ்வளவு தாங்கும், கையிருப்பு எத்தனை மாதம் வரும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்த மாதங்களுக்குள் முடிகிற பயிற்சியே உங்களுக்கு உரியது.

ஓராண்டோ இரண்டாண்டோ தாக்குப்பிடிக்க முடியுமானால் அரசு ஐ.டி.ஐ.தான் முதல் தேர்வு. பேட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் இருக்கின்றன. கல்விக் கட்டணம் கிடையாது; மாதம் 750 ரூபாய் உதவித்தொகையுடன் சீருடை, பாடநூல், இலவசப் பேருந்துப் பயண அட்டை முதலியவையும் உண்டு. எலக்ட்ரீஷியன், பிட்டர் போன்ற இரண்டாண்டுப் பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வெல்டர் பிரிவுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும், ஓராண்டில் முடிந்துவிடும். எட்டாம் வகுப்பும் முடிக்காதவர்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை முதலில் எழுதலாம்.

சமுதாயக் கல்லூரி என்ற அமைப்பு நம் பகுதியில் போதிய அளவு அறியப்படாதது வருத்தத்திற்குரியது. 1995-இல் புதுச்சேரியிலும் மறு ஆண்டு சென்னையிலும் தொடங்கிய இந்த அமைப்பு, பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர்களையும் வேலையற்ற பெரியவர்களையும் நோக்கியே உருவாக்கப்பட்டது. கைத்தொழிலோடு பிறரிடம் பேசுதல், நேர்காணலை எதிர்கொள்ளுதல் போன்ற வாழ்க்கைத் திறன்களையும் கற்பித்து, கடைசிப் பகுதியில் ஒரு நிறுவனத்தில் நேரடிப் பயிற்சிக்கு அனுப்புவதே இதன் முறை. நெடுங்காலம் வீட்டுக்குள்ளேயே தொழில் செய்துவிட்டு முதன்முறையாக வெளி வேலைக்குக் கிளம்பும் பெண்களுக்கு இம்முறை மிகவும் பொருந்தும். ஆனால் சமுதாயக் கல்லூரி என்று பெயர்ப்பலகை வைத்த எல்லா இடமும் ஒன்றல்ல. சான்றிதழ் யார் பெயரில் வழங்கப்படுகிறது, பல்கலைக்கழகத்தின் பெயரிலா, அரசு அமைப்பின் பெயரிலா, அல்லது அந்த அறக்கட்டளையின் பெயரில் மட்டுமா என்று கேட்டு, சென்ற ஆண்டு முடித்த ஒருவரின் சான்றிதழ் நகலைக் கண்ணால் பார்த்த பின்னரே பணம் கட்டுங்கள்.

சில வாரங்களில் பிழைப்புக்கு வழி வேண்டும் என்பவர்களுக்கு, வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. கைப்பேசி பழுதுபார்த்தல், தையல், ஆடு வளர்ப்பு போன்றவற்றைத் தங்குமிடம், உணவு உட்பட இலவசமாகக் கற்றுத் தருகிறார்கள்; கடன் பெறவும் வழிகாட்டுகிறார்கள். சம்பள வேலையை விரும்புபவர்கள் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் குறுகிய காலப் பயிற்சிகளைப் பார்க்கலாம். எது எப்போது நடக்கிறது என்பதை மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் நேரில் விசாரித்து அறியலாம்.

மூன்றாம் படி: பட்டறைக்குள் நுழைந்து பாருங்கள்

சேருமுன் பயிற்சி நடக்கும் நாளில் ஒருமுறை நேரில் செல்வது இன்றியமையாதது. வெல்டிங் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். அலுவலக அறையில் உட்கார வைத்து அவர்கள் சொல்வதைக் கேட்பதோடு நின்றுவிடாமல், பட்டறையைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். எரிந்து தீர்ந்த வெல்டிங் ராடுகளின் விரல் நீளத் துண்டுகள் வாளி நிறையக் கிடந்தால், அங்கே பிள்ளைகள் உண்மையாகவே பற்றவைக்கிறார்கள். மூலையில் பயிற்சித் தகடுகள் குவிந்திருக்கும். கோணல்மாணலாக ஓடிய பற்றுகளும், அடுத்தடுத்து நேராகி வரும் பற்றுகளும் அவற்றில் தெரியும். தரை பளிச்சென்று துடைத்து, இயந்திரத்தின் மேல் உறை போட்டு வைத்திருக்கும் இடத்தில் கற்க ஒன்றும் இல்லை. இத்தனை பேருக்கு எத்தனை இயந்திரம், ஒருவருக்கு நாளொன்றுக்கு எத்தனை ராடு தருகிறார்கள் என்று ஆசிரியரிடமே கேட்கலாம். தட்டையாகக் கிடக்கும் தகட்டில் மட்டும் பழக்குகிறார்களா, நின்ற நிலையிலும் தலைக்கு மேலும் பழக்குகிறார்களா, குழாய் வெல்டிங் உண்டா என்பதும் முக்கியம். ஒப்பந்ததாரர்கள் 6ஜி வெல்டர் என்று தேடுவது சாய்ந்து நிற்கும் குழாயைச் சுற்றிலும் பற்றவைக்கத் தெரிந்தவரைத்தான்.

தையலானாலும் கணினியானாலும் இதே முறையில் பாருங்கள்: பயன்படுத்தித் தேய்ந்த பொருள்கள் கண்ணில் படுகின்றனவா என்பதே சோதனை.

நான்காம் படி: தாள்களைச் சரிசெய்யுங்கள்

மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படங்கள் ஆகியவை எங்கும் கேட்கப்படும். பெரியவர்களுக்குச் சிக்கல் வருவது பெரும்பாலும் பெயரில்தான். பள்ளியில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் இருக்கும். ஆதாரில் அது பின்னால் போயிருக்கும் அல்லது முழுப்பெயராக விரிந்திருக்கும். திருமணமான பெண்களுக்குக் கணவர் பெயரின் முதலெழுத்து சேர்ந்திருக்கும். பிறந்த தேதியும் சிலருக்கு மாறியிருக்கும். பள்ளிச் சான்றிதழை அடிப்படையாகக் கொண்டு ஆதாரைத் திருத்துவது எளிது என்பதால், விண்ணப்பக் காலம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே ஆதார் சேவை மையத்தில் அதை முடித்துவிடுங்கள். உதவித்தொகை வங்கிக் கணக்கிலேயே வருவதால் அந்தக் கணக்கில் ஆதார் இணைந்திருப்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: விண்ணப்பம்

ஐ.டி.ஐ. விண்ணப்பங்கள் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகளை ஒட்டி இணையத்தில் திறக்கும். கணினி பழக்கமில்லாதவர்கள் ஐ.டி.ஐ.க்கே நேரில் சென்றால் அங்குள்ள உதவி மையத்தில் பதிவுசெய்து தருவார்கள். கலந்தாய்வில் இடம் கிடைக்காவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம்; காலியிடங்களுக்கு நேரடிச் சேர்க்கை பின்னர் நடக்கும். இடைத்தரகருக்கு ஒரு ரூபாயும் தரத் தேவையில்லை.

ஒரு குறிப்பு: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து அரசின் வேலையற்றோர் உதவித்தொகை பெறுபவர்கள் முழுநேர மாணவராகச் சேர்ந்தால் அத்தொகைக்குத் தகுதி இழப்பார்கள். அதைப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு பெறுபவருக்கு மாதம் 300 ரூபாய்தான் என்பதால், அதற்காகப் பயிற்சியைக் கைவிடுவது சரியன்று. மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆறாம் படி: பயிற்சிக் காலமும் அதற்குப் பின்னும்

ஐ.டி.ஐ.யில் 80 விழுக்காடு வருகை இல்லையேல் தேர்வு எழுத முடியாது. கோயில் கொடை, நடவு, உறவினர் வீட்டு விசேஷம் ஆகியவற்றுக்கு எடுக்கும் விடுப்பை முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். தம்மைவிடப் பாதி வயதுடைய பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காருவது முதல் சில வாரங்கள் கூச்சமாகத்தான் இருக்கும். வேலைக்குப் போன பழக்கமும் நேரம் தவறாமையும் உங்களிடம் ஏற்கெனவே இருப்பதால் ஆசிரியர்கள் உங்களையே நம்பி வேலை கொடுப்பதைக் காண்பீர்கள்.

தேர்ச்சி பெற்றவுடன் நேராக வேலை தேடுவதைவிட, 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படியான அப்ரண்டீஸ் பயிற்சிக்கு விண்ணப்பிப்பது நல்லது. மாதந்தோறும் உதவித்தொகை கிடைக்கும். முடிவில் தேசிய அளவிலான சான்றிதழும் உண்டு. அரசுப் போக்குவரத்துக் கழகமும் பெரிய ஆலைகளும் பழகுநர்களை எடுக்கின்றன. அங்கே சேரும் முதல் நாளிலேயே ஒப்பந்தத் தாளின் நகல் ஒன்றைக் கேட்டுப் பெற்று, அதிலுள்ள பெயரும் பிறந்த தேதியும் உங்கள் பள்ளிச் சான்றிதழோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். பிழை இருந்தால் அன்றே எழுதிக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.