பித்தப்பையில் கல் இருக்கிறதா? எண்ணெயை நிறுத்தாதீர்கள், அளந்து ஊற்றுங்கள்

ஸ்கேனில் கல் தெரிந்த அன்றே எண்ணெயை அடியோடு விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். பித்தப்பை என்பது கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்துவைக்கும் சின்னப் பை. 30 முதல் 50 மில்லிதான் கொள்ளும். கொழுப்பு சிறுகுடலுக்கு வந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கும், பை சுருங்கிப் பித்தநீரைத் தள்ளும். கொழுப்பே வராவிட்டால் பித்தநீர் தேங்கிக் கெட்டிப்படும், புதுக் கல்லுக்கு அது தோது. ஒரே வேளையில் அள்ளிச் சாப்பிட்டாலோ பை இறுகச் சுருங்கி, இருக்கிற கல் வாய்ப்பகுதியில் போய் அடைக்கும். வலி அப்படித்தான் வருகிறது.

படி 1: ஒரு நாள் முழுக்க அளந்து பாருங்கள். 5 மில்லி தேக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய நாலரை கிராம் கொழுப்பு. புட்டியிலிருந்து நேராக ஊற்றினால் கணக்கு தெரியாது, கரண்டியால் ஊற்றுங்கள். பாக்கெட் உணவில் ‘மொத்தக் கொழுப்பு’ என்ற வரியைத் தேடுங்கள். அந்த எண் 100 கிராமுக்கா, ஒரு முறை சாப்பிடும் அளவுக்கா? ஏமாறுவது இங்கேதான். 25 கிராமுக்கு 8 கிராம் என்று போட்டிருக்கும். 100 கிராம் பாக்கெட்டைக் காலி செய்தால் 32 கிராம் உள்ளே போயிருக்கும்.

படி 2: அந்த நாளின் கொழுப்பை வேளைகளுக்குப் பிரித்துப் போடுங்கள். காலையில் பட்டினி, இரவில் பொரித்த உணவு என்ற பழக்கம்தான் என் பார்வையில் முதலில் மாற்ற வேண்டியது. வேளைக்குக் கொஞ்சமாக இருக்கட்டும். வலி அடிக்கடி வருகிறவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

படி 3: வெண்ணெய், கொழுப்பு மிகுந்த இறைச்சியைக் குறைத்து மீன், கொட்டைகள், தாவர எண்ணெய் பக்கம் போங்கள். நார்ச்சத்தும் சேரட்டும்.

படி 4: எடை குறைக்கிறீர்களா? மெதுவாக. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் இறங்கினால் கல் உருவாகும் வாய்ப்பு கூடும்.

அப்புறம், ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்துக் கல்லை வெளியேற்றும் வைத்தியம்: மறுநாள் கழிவில் வரும் பச்சை உருண்டைகள் பெரும்பாலும் அந்த எண்ணெயே வயிற்றுக்குள் சோப்புபோலத் திரண்டவை. அவ்வளவு எண்ணெய் ஒரேயடியாகப் போனால் பை எப்படிச் சுருங்கும் என்று மேலே பார்த்தோமே!

வலது மேல்வயிற்று வலி சில மணி நேரமாகியும் விடவில்லை, காய்ச்சல் வருகிறது, கண் மஞ்சளாகிறது என்றால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.