கண்புரை லென்ஸ்: துப்பாக்கி சுடுபவர்கள் சறுக்கும் இடங்கள்

கண்புரை அறுவைக்குத் தேதி குறிக்கும்போது மருத்துவமனை கவுன்சிலர் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "ஆபரேஷனுக்கு அப்புறம் கண்ணாடியே இல்லாம இருக்கணுமா சார்?" இருபது, முப்பது வருஷம் கண்ணாடி போட்டவர்கள் யோசிக்காமல் "ஆமாம்" என்று சொல்லிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரைஃபிள் கிளப்புக்குப் போய் ஏர் பிஸ்டலோ ரைஃபிளோ சுடுகிறவர் அந்தப் பதிலை அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான், தூரம், கிட்டம் எல்லாவற்றையும் ஒரே லென்ஸில் பார்க்கக் கண்ணுக்குள் வைக்கும் மல்டிஃபோகல், டிரைஃபோகல் லென்ஸ் பக்கம் பேச்சு திரும்பும். இந்த விளையாட்டில் இருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு அங்கேயே தொடங்குகிறது.

ஏர் பிஸ்டலை நீட்டிப் பிடித்தால் கண்ணிலிருந்து, குழலின் முனையில் குறிபார்க்க நிற்கும் சின்னத் தூணான முன்சைட் வரை ஏறத்தாழ 80 முதல் 100 செ.மீ. இருக்கும். டார்கெட் 10 மீட்டர் தள்ளி. கண் பக்கமுள்ள பின்சைட்டின் வெட்டுக்குள் முன்சைட் நிற்கும்போது அதன் இரு பக்கமும் மெல்லிய வெளிச்சக் கோடு தெரியுமே, அந்த இரண்டு கோடுகளும் சமமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. அங்கே கண்ணுக்குத் தேவை கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே கறாரான ஓரம். மருத்துவர்கள் இதை கான்ட்ராஸ்ட் என்பார்கள். மல்டிஃபோகல் லென்ஸ் உள்ளே வரும் ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறது. எந்தத் தூரத்தைப் பார்த்தாலும் ஒரு பங்கு ஒளிதான் தெளிவான பிம்பமாகும். மற்ற பங்கு அதன் மேல் மெல்லிய மூட்டமாகப் படியும். செய்தித்தாள் படிக்கவும் காய்கறிக் கடையில் விலை பார்க்கவும் இது பெரிய குறையாகத் தெரியாது. மங்கலான உள்ளரங்க ரேஞ்சில், விளக்குப் போட்ட வெள்ளை டார்கெட்டுக்கு முன்னால் கருப்பு முன்சைட்டை வைத்துப் பார்க்கிறவருக்குத் தெரியும். சிவப்பு ஒளிப்புள்ளியை வைத்துக் குறிபார்க்கும் ரெட் டாட் சைட் பயன்படுத்துகிறவருக்குப் புள்ளியைச் சுற்றி ஒளிவட்டம் விழவும் வாய்ப்புண்டு.

ஆகவே என் கருத்து நேரடியானது: குறிபார்க்கும் கண்ணுக்கு, ஒரே தூரத்துக்கு மட்டும் ஃபோகஸ் ஆகும் நல்ல மோனோஃபோகல் லென்ஸ், தூரப் பார்வைக்கு வைத்தது, போதும். "அது சாதா லென்ஸ் ஆச்சே" என்று தயங்க வேண்டியதில்லை. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து 1992-இல் தொடங்கிய ஆரோலேப், இந்தச் சாதா லென்ஸைக் குறைந்த விலைக்குச் செய்துதான் உலகம் முழுக்க ஏழைகளுக்குப் பார்வை கிடைக்க வழி செய்தது. விலை குறைவு என்பதற்காகப் பார்வைத் தரம் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. கான்ட்ராஸ்ட் என்று வரும்போது மோனோஃபோகல்தான் முன்னால் நிற்கிறது. நடுத்தூரமும் ஓரளவு வேண்டும் என்றால், மோனோஃபோகலையே சற்று மாற்றி வடிவமைத்த மேம்பட்ட வகைகள் வந்திருக்கின்றன. அவை மல்டிஃபோகலைப் போல ஒளியை வளையங்களால் பிரிப்பதில்லை. மருத்துவரிடம் அவற்றைப் பற்றிக் கேட்கலாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, அதைச் செய்வது பெரும்பாலும் விவரம் தெரிந்தவர்கள். "முன்சைட் தானே தெளிவாகத் தெரிய வேண்டும்? அந்தத் தூரத்துக்கே லென்ஸை வைத்துவிடுங்கள் டாக்டர்" என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது ஏன் சரிவராது என்று புரியும். முன்சைட் 90 செ.மீ. தூரத்தில் இருந்தால் அதற்கு வேண்டிய ஃபோகஸ் சுமார் 1.1 டயாப்டர் (லென்ஸ் பவரின் அளவு). 10 மீட்டர் டார்கெட்டுக்கு வெறும் 0.1. இரண்டுக்கும் நடுவே, முன்சைட் கூர்மையாகவும் டார்கெட்டின் கருப்பு வட்டம் அடையாளம் தெரியும் அளவுக்கும் இருக்க, தூரப் பார்வைக்கு மேல் +0.50 முதல் +0.75 வரை கூட்டினால் பொதுவாகச் சரியாக இருக்கும். இவ்வளவு நுணுக்கமான அளவைக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸில் உறுதியாகக் கொண்டுவர முடியாது. லென்ஸ்கள் வழக்கமாக அரை அரை டயாப்டர் இடைவெளியில்தான் வருகின்றன. மருத்துவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், குணமான பிறகு பவர் அரை டயாப்டர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்து நிற்பது சாதாரணம். நாம் தேடும் திருத்தமும் அதே அளவுதான்! தவிர, இந்தக் கண்ணோடுதான் ராத்திரி வண்டி ஓட்டப் போகிறீர்கள், பஸ் நம்பர் படிக்கப் போகிறீர்கள். நாளைக்கே பிஸ்டலை விட்டு ரைஃபிளுக்கு மாறினால் முன்சைட் தூரமும் மாறும். கண்ணுக்குள் இருப்பதை நினைத்தபோதெல்லாம் மாற்ற முடியாது. சுடும்போது மட்டும் போடும் ஷூட்டிங் கண்ணாடியில் ஒற்றை லென்ஸை மாற்ற ஐந்து நிமிடம் போதும். துல்லியத்தை அந்தக் கண்ணாடிக்கு விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

அதற்காகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, பலரும் செய்வதில்லை. நீங்கள் நிற்கும் நிலையில் நின்று, கண்ணிலிருந்து முன்சைட் வரையிலான தூரத்தை இன்னொருவரை டேப் வைத்து அளக்கச் சொல்லி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டாம். அந்த எண் போதும். எந்தக் கண்ணால் குறிபார்க்கிறீர்கள், என்ன துப்பாக்கி, எத்தனை மீட்டர், திறந்த சைட்டா, பீப் சைட்டா, ஸ்கோப்பா என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள். நீங்கள் சொல்லாதவரை மருத்துவருக்கு இது தெரிய வழியில்லை. அறுவைக்குப் பின் கண்ணாடி எழுதும் ஆப்டோமெட்ரிஸ்டுக்கும் அதே தாள் உதவும்.

துப்பாக்கிக்குத் துப்பாக்கி தேவை வேறு என்பதையும் மறந்துவிடுகிறோம். பீப் சைட் ரைஃபிளில் சின்னத் துளை வழியாகப் பார்ப்பதால் தெளிவின் ஆழம் தானாகவே கூடும். சின்னப் பவர் பிசகை அது பொறுத்துக்கொள்ளும். துளையைச் சுருக்கிக்கொண்டே போனால் வெளிச்சம் குறைந்து, ஓரங்கள் மறுபடி மங்கும், அவ்வளவுதான். ஸ்கோப் வைத்திருப்பவருக்குக் கவலை இன்னும் குறைவு, கண் பக்கத்துத் திருகைத் திருப்பினால் சரியாகிவிடும். ஷாட்கன்காரர்தான் கவனமாக இருக்க வேண்டும். டிராப், ஸ்கீட்டில் இரண்டு கண்ணையும் திறந்து, பறக்கும் களிமண் தட்டைத் தொடர வேண்டும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் வைக்கும் மோனோவிஷன் ஏற்பாடு அவருக்கு ஆகாது, ஆழம் கணிக்கும் திறன் குறைந்துவிடும். இன்னொன்று: ஒரு கண்ணில் மட்டும் புரை எடுத்தால், புதிதாகத் தெளிந்த கண் மூளையில் முன்னுரிமை பிடித்து, மாஸ்டர் ஐ, அதாவது மூளை முதலில் நம்பும் கண், மாறிவிடக் கூடும். பல வருஷம் வலக்கண்ணை நம்பிச் சுட்டவர் திடீரென்று எல்லாத் தட்டையும் ஒரே பக்கமாகத் தவறவிட்டால், துப்பாக்கியைக் குறை சொல்லும் முன் கண்ணைச் சோதிக்க வேண்டும்.

கருவிழியின் (கார்னியா) வளைவு எல்லாத் திசையிலும் சமமாக இல்லாததால் வரும் சிலிண்டர் பவரை அலட்சியப்படுத்துவது அடுத்த தவறு. கருவிழியின் வளைவில் ஒரு டயாப்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால், செங்குத்தான முன்சைட் தூணின் ஓரம் இரட்டையாகவோ வால் பிடித்தோ தெரியும். செலவு செய்யக் காசு இருந்தால் மல்டிஃபோகலைவிட, சிலிண்டர் பவரையும் சேர்த்துத் திருத்தும் டோரிக் மோனோஃபோகலுக்குச் செய்வது சுடுபவருக்கு அதிகப் பலன் தரும் என்பேன். டோரிக் லென்ஸ் சரியான அச்சில் உட்கார வேண்டும். ஒரு டிகிரி விலகினால் திருத்தத்தில் சுமார் 3 சதவீதம் போகும், 10 டிகிரி விலகினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அளவெடுக்கும்போதே கவனம் வேண்டும் என்பது இதனால்தான். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் மருத்துவர் சொல்லும் நாட்களுக்கு முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் கருவிழி அளவே தப்பாக வரும். கண் வறட்சியும் அளவைக் கெடுக்கும், முதலில் அதற்குச் சிகிச்சை. முன்பு கண்ணாடிப் பவரை நீக்கும் லேசிக் லேசர் சிகிச்சை செய்திருந்தால் மறைக்காமல் சொல்லி, பழைய ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் போங்கள். லென்ஸ் பவரைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரங்கள் அந்தக் கண்ணுக்குச் சரியாக வேலை செய்யாது.

அறுவை முடிந்த பின் அவசரமும் வேண்டாம். பவர் நிலைபெறச் சில வாரங்கள் ஆகும், அதற்கு முன் விலை கொடுத்து ஷூட்டிங் லென்ஸ் வாங்கினால் வீண். ரீகாயில் (சுடும்போது பின்னோக்கி உதைப்பது) உள்ள துப்பாக்கியை எப்போது எடுக்கலாம் என்று மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். மேலிருந்து கீழாகப் பவர் மாறிக்கொண்டே வரும் புரொகிரசிவ் கண்ணாடியோடு ரேஞ்சில் நிற்பதும் சிரமம்தான்; தலையைச் சற்று அசைத்தாலும் பவர் மாறும். பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் எந்த நிலையிலும் கட்டாயம்.

ஏற்கெனவே மல்டிஃபோகல் வைத்து, முன்சைட் மூட்டமாகத் தெரிகிறதே என்று தவிப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. லென்ஸுக்குப் பின்னாலுள்ள மெல்லிய உறை சில மாதங்களிலோ வருஷங்களிலோ மங்குவது சகஜம், யாக் லேசரால் அதில் ஒரு திறப்பு ஏற்படுத்துவார்கள். மங்கலுக்குக் காரணம் உறையா, லென்ஸ்தானா என்று தெளிவாகும் முன் லேசருக்குச் சம்மதிக்காதீர்கள். உறையில் திறப்பு வந்த பிறகு லென்ஸையே மாற்ற வேண்டிவந்தால், அந்த அறுவை மிகவும் சிக்கலாகிவிடும். வேறொரு கண் மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கச் சரியான நேரம் லேசருக்கு முன்னால்தான்.