தோட்டப் பட்டணத்தில் ஒரு புனைகதைப் பரிசை நிறுவுவது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் உள்ளூர் எழுத்தாளர்களின் புனைகதைக்கெனத் தனிப் பரிசு ஒன்றை ஏற்படுத்த விரும்புவோர், பெரும்பாலும் பரிசுத் தொகையையும் மண்டபத்தையும் பற்றியே முதலில் பேசத் தொடங்குகின்றனர். அவ்விரண்டையும் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். முதலில் தீர்க்க வேண்டியது, யாரை உள்ளூர் எழுத்தாளர் என்று ஏற்பது என்னும் கேள்வியே. அதற்குரிய விடையை எழுத்தில் வைக்காமல் பரிசை அறிவித்தால், முடிவு வெளிவந்த மறுநாளே பசார்க் கடைகளில் வழக்கு தொடங்கிவிடும்.

தோட்டப்புறத்தில் ஒருவருடைய ஊரை அவருடைய இன்றைய அஞ்சல் முகவரியைக் கொண்டு அளக்க முடியாது. 1950களின் பிற்பகுதியிலிருந்து பெரிய ரப்பர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது எத்தனையோ குடும்பங்கள் வேலையையும் தோட்டம் தந்த லயத்து வீட்டையும் ஒருங்கே இழந்தன. அந்தத் துண்டாடலை எதிர்கொள்ளவே, இத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றக் காரணமாகித் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழி செய்தார். பிறகு பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை வந்தது; சில இடங்களில் தாமான் எனப்படும் புதுக் குடியிருப்புகள் வந்தன. ஆகவே இவ்வூர்க் கதைகளை எழுதக்கூடியவர்களில் ஒரு பகுதியினர் இன்று ஈப்போவிலோ கிள்ளானிலோ ஜொகூர் பாருவிலோ குடியிருக்கிறார்கள். அவர்களை வெளியே நிறுத்தும் விதி, பரிசின் நோக்கத்தையே பாதி கெடுத்துவிடும்.

இதற்கு நான் பரிந்துரைக்கும் விதி எளிமையானது. எழுத்தாளர் இவ்வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவராக இருக்கலாம். அல்லது இங்குள்ள பள்ளி ஒன்றில் மூன்று ஆண்டுகளேனும் பயின்றவராக இருக்கலாம். அல்லது கடந்த மூன்று ஆண்டுகளாக இங்கு வசிப்பவராக இருக்கலாம். இவற்றுள் ஒன்று பொருந்தினால் போதும். வட்டாரம் எதுவரை என்பதைத் தோட்டங்களின் பட்டியலாகவே விதித்தாளில் அச்சிட வேண்டும். மூடப்பட்ட தோட்டங்களையும், டிவிசன் எனப்படும் தோட்டப் பிரிவுகளையும், மக்கள் வாய்வழக்கில் உள்ள பெயர்களையும் அதில் சேர்க்க வேண்டும். பத்திரம் காட்ட இயலாத முதியவர்களுக்கு, அவரை அறிந்த இருவர் கையொப்பமிட்ட கடிதம் போதும் என்று வைப்பது நியாயம்.

அடுத்தது, எந்த வடிவத்துக்குப் பரிசு என்பது. ஒரு சிறு பட்டணத்திலிருந்து ஆண்டுதோறும் போட்டியிடும் அளவுக்கு நாவல்கள் அச்சாவதில்லை என்பதால், நூலுக்கான பரிசை மூன்றாண்டுக்கு ஒருமுறை வைத்துக்கொண்டு, ஆண்டுப் பரிசை அச்சேறாத சிறுகதைக்கு வழங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும். 3,000 சொற்களை மேல்வரம்பாக வைக்கலாம். கீழ்வரம்பு தேவையில்லை.

கதைக்களம் தோட்டமாகவே இருக்க வேண்டும் என்று விதிக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அப்படி விதித்தால் கொடுமைக்காரக் கங்காணி, கள்ளுக்கடைத் தகப்பன், படித்து முன்னேறும் மகள் என்று ஒரே அச்சில் வார்த்த கதைகளே மேசையில் குவியும். 1948 ஜூன் 16 அன்று இவ்வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, அதையொட்டி நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதை இங்குள்ளவர்கள் எல்லாரும் அறிவர். எழுத அமரும் எவருக்கும் அதைத் தொடும் ஆசை எழுவது இயல்பே. ஆனால் நிகழ்ச்சியின் பெருமைக்குப் பரிசு தருவதும் கதைக்குப் பரிசு தருவதும் ஒன்றல்ல என்பதை நடுவர்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இங்கே பிறந்து சிங்கப்பூரில் லாரி ஓட்டுபவரின் கதைக்கும், தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் பெண்ணின் கதைக்கும் இப்பரிசில் முழு இடம் உண்டு.

நடுவர் குழுவே இந்த முயற்சியின் உயிர். மூவர் போதும், ஒருவர் உள்ளூரை நன்கு அறிந்த வாசகராகவும், ஒருவர் புனைகதை எழுதுபவராகவும், மூன்றாமவர் வேறு மாநிலத்தவராகவும் இருப்பது நல்லது. கதைகளுக்கு எண்ணிட்டு, பெயர்த்தாளைத் தனி உறையில் வைத்து, அந்த உறைகளை நடுவரல்லாத செயலாளர் பூட்டிவைக்க வேண்டும். இவ்வளவு செய்தும், நாலு வரி படித்தவுடன் எழுதியவர் யார் என்று உள்ளூர் நடுவர் கண்டுகொள்வார். சிறிய ஊரில் அதைத் தவிர்க்க முடியாது. வெளிமாநில நடுவரை வைத்துக்கொள்வதற்கு இதுவே காரணம். உறவினரோ, தாம் எழுதப் பழக்கிய மாணவரோ போட்டியில் இருப்பதாக ஐயுறும் நடுவர், அக்கதைக்கு மட்டும் புள்ளியிடாமல் ஒதுங்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களை நடுவர்களாக அழைப்பது நம் வழக்கம். அவர்கள்பால் எனக்கு மதிப்பு உண்டு. எனினும் சிலர் கதையைத் திருத்த வேண்டிய கட்டுரைத்தாளாகவே கையிலெடுத்து, விடுபட்ட ஒற்றெழுத்துக்கெல்லாம் புள்ளியைக் குறைத்துவிடுகிறார்கள். உரையாடலில் வரும் மலாய்ச் சொல்லோ, ‘பிரட்டு’, ‘மங்கு’, ‘ஆயக்கொட்டகை’ போன்ற தோட்டச் சொல்லோ குறையாகக் கொள்ளப்படாது என்று விதித்தாளிலேயே எழுதிவிட்டால் இந்தச் சங்கடம் வராது. எழுத்துப் பிழைகளை அச்சுக்குப் போகும்போது பதிப்பாசிரியர் திருத்திக்கொள்ளலாம். மூன்று நடுவரும் தனித்தனியே படித்துப் பத்துக் கதைகளைத் தேர்ந்த பின்னரே கூடிப் பேச வேண்டும். புள்ளிகளைக் கூட்டிச் சராசரி எடுப்பதைவிட, மேசையைச் சுற்றி அமர்ந்து வாதிட்டு முடிவுக்கு வருவதே மேல். சராசரியில் பெரும்பாலும் யாருக்கும் வெறுப்பில்லாத கதைதான் வெல்லும். தகுதியான கதை இல்லையெனில் முதற்பரிசை நிறுத்திவைக்கும் உரிமையும் அவர்களுக்கு இருக்க வேண்டும்.

கையெழுத்துப் படிகளை மறுக்க வேண்டாம். நல்ல கதை வைத்திருக்கும் பெரியவர்கள் பலர் கணினியைத் தொட்டதில்லை. தட்டச்சு செய்து தர இடைநிலைப்பள்ளி மாணவர் இருவரை ஏற்பாடு செய்துவிட்டால் போதும். கணினிப் படிகளை யுனிகோடில் கேட்க வேண்டும், கூடவே ஒரு பிடிஎஃப் படியும் வேண்டும். பழைய எழுத்துருக்களில் சேமித்த கோப்புகள் வேறு கணினியில் வெறும் குறியீடுகளாக மாறி, கடைசி நேரத்தில் குழுவைத் திண்டாட வைக்கும்.

ஜனவரியில் அறிவித்து ஜூன் இறுதியில் முடிப்பது நல்லது. அதற்குப் பிறகு பலரும் தீபாவளி மலர்களுக்கு எழுதப் போய்விடுவார்கள். அறிவிப்பைத் தமிழ் நாளேடுகளுக்கும் மின்னல் எஃப்எம் தமிழ் வானொலிக்கும் அனுப்புவதோடு, பழைய தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் கோயில் பலகையிலும் போட வேண்டும்.

பணத்தை ஏற்கெனவே பதிவுபெற்ற சங்கம் ஒன்றின் கணக்கில் வைப்பது வசதி. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி புதிதாகப் பதிவு செய்வதற்கு ஏழு பேரேனும் வேண்டும். வீடுவீடாகவோ தெருவிலோ வசூலிப்பதானால் அதற்குக் காவல்துறை அனுமதி தேவை. புரவலருக்கு நன்றி சொல்லலாம். பரிசின் பெயரை விற்கக் கூடாது. அரசியல்வாதியின் பெயரில் தொடங்கும் பரிசுக்கு அவருடைய பதவிக்காலமே ஆயுளாகிவிடும் அபாயம் உண்டு. மூடப்பட்ட தோட்டம் ஒன்றின் பெயரைச் சூட்டுவது எனக்குப் பிடித்த வழி.

மேடையும் மாலையும் ஒரு மாலைப்பொழுதோடு முடிந்துவிடும், நிற்பது நூல்தான். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை தன் சிறுகதைப் போட்டியில் தேர்வானவற்றைத் தொடர்ந்து ‘பேரவைக் கதைகள்’ என்று நூலாக்கி வருவதால்தான், பழைய போட்டிகளின் கதைகளை இன்றும் தேடிப் படிக்க முடிகிறது. எனவே வரவுசெலவில் அச்சுச் செலவை முதலில் ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதைப் பரிசுத் தொகையாக்க வேண்டும். பதிப்புரிமை எழுத்தாளருடையதே என்றும், தொகுப்பில் ஒருமுறை வெளியிடும் உரிமை மட்டுமே குழுவுக்கு உண்டு என்றும் விண்ணப்பத் தாளில் குறிக்க வேண்டும். மலேசியாவில் பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பிறகும் 50 ஆண்டுகள் நீடிக்கும் என்பதால், இதை வாய்ப்பேச்சில் விட்டுவிடக் கூடாது. தேசிய நூலகத்திடம் ஐஎஸ்பிஎன் எண் பெற்று, 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஐந்து படிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும். வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் நூலகங்களுக்கும் படிகள் போய்ச் சேர வேண்டும்.

பரிசளிப்பில் பேச்சாளர்களைக் குறைத்து, வென்ற கதையின் முதற்பக்கத்தை ஆசிரியரையே வாசிக்கச் செய்யலாம். விழா முடிந்த ஒரு மாதத்துக்குள், பரிசு பெறாதவர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் கதையைப் பற்றி நடுவர் எழுதிய நாலைந்து வரிக் குறிப்பை, அடுத்த ஆண்டு விதித்தாளுடன் சேர்த்து அனுப்பிவிட வேண்டும்.